கம்பளி போர்த்திய சிலிண்டரும் பற்றாத ஓவனும்

இன்று காலை எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டருக்குக் கம்பளி போர்த்திவிட்டோம்!

சிரிக்காதீர்கள். எங்கள் லிந்துலை மலைக் குளிர் உங்களுக்குத் தெரியாது. (தெரிந்தவர்கள் இன்னும் அதிகமாகச் சிரிப்பீர்கள், அதுவும் தெரியும்.)

விஷயம் இதுதான். என் நாத்தனார் செல்வி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். போன புதிதிலேயே, "அண்ணி, உங்களுக்கு கேக் போட ஆசைன்னு சொன்னீங்கள்ல" என்று அங்கிருந்தே பணம் அனுப்பி ஒரு கேஸ் குக்கர் வாங்கிக் கொடுத்தாள். மேலே ரெண்டு அடுப்பு, கீழே ஓவன்.

மேலே அன்றைக்கே எரிந்தது. கீழே எரியவில்லை. அவ்வளவு ஆசையாக வாங்கித் தந்தவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாலு வருஷமாக அந்த ஓவனுக்குள் இருந்தது பிறப்புச் சான்றிதழ்களும் என் கல்யாணப் புடவையும்! (எங்கள் வீட்டில் எலி நுழையாத ஒரே இடம்.)

ஆனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் செல்விக்கு கேக் படம் தவறாமல் போகும். தலவாக்கலை பேக்கரியில் வாங்கி, பெட்டியைக் கிழித்து, ஓவன் தட்டில் வைத்து எடுத்த படம். "இந்தத் தடவ நல்லா உப்பி வந்துச்சு தங்கச்சி" என்று வாய்ஸ் மெசேஜ் வேறு!

இன்று அவள் வருகிறாள். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்த ஓவன்ல, என் கண்ணு முன்னால, ஒரு கேக் போடணும் அண்ணி."

காலையிலேயே ஓவனைக் காலி செய்து, மாவும் கலக்கிவிட்டேன். பற்றினால்தானே!

என் வீட்டுக்காரர் தேயிலை பெக்டரியில், தூளைக் காய வைக்கும் டிரையருக்கு நெருப்புப் போடுகிறவர். "தள்ளு புள்ள. எம்மாம் பெரிய நெருப்பைப் பார்த்தவன் நானு. இந்தப் பொட்டிக்குப் பயப்படுவேனா?"

குமிழைத் திருகி குச்சியைக் காட்டினார். பக்கென்று பிடித்தது. "ஆத்தாடி!" என்று ஒரே பாய்ச்சலில் வாசலுக்குப் போய்விட்டார். புஸ்ஸென்று அணைந்தது.

இப்படி எட்டுத் தடவை!

பக்கத்து வீட்டு மேரி அக்கா எட்டிப் பார்த்தார். "குளிருக்கு கேஸ் உறைஞ்சிருக்கும் டீச்சர். அதுக்கும் ஒரு கம்பளியப் போத்துங்க." (தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பதால் அவருக்கு நான் டீச்சர்.)

போர்த்தினோம். சிலிண்டர் கொழுந்து பறிக்கப் புறப்பட்ட ஆள் மாதிரி நின்றது. ஓவன் பற்றவில்லை.

போன் அடித்தது. "அண்ணி, கினிகத்தேனை தாண்டிட்டேன்! கேக் வாசம் இங்கயே அடிக்குது!"

"பேசாம பேக்கரிக்கு ஓடிட்டு வரவா?" என்றார் இவர்.

"போட்டோவுக்குன்னா சரிங்க. ஆளு நேர்ல வந்து நிக்கப்போகுதே!"

வந்துவிட்டாள். கட்டிப்பிடித்து அழுது முடித்ததும் நேராகக் குசினிக்குள் போனாள். மூலையில் கம்பளியோடு நின்றதைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"இது யாரு அண்ணி?"

"சிலிண்டர். ஓவன் பத்த மாட்டேங்குது" என்றேன்.

"மொதல்ல ஜன்னலத் தொறங்க." ஓவன் கதவைத் திறந்தாள். உள்பக்கம் கம்பெனி ஸ்டிக்கர் அப்படியே பளபளவென்று ஒட்டியிருந்தது. அதை உரித்தெடுத்தாள். பிறகு குமிழை அமுக்கித் திருகி, குச்சியைக் காட்டினாள். பிடித்தது. கையை மட்டும் எடுக்கவில்லை.

"பத்து எண்ணுற வரைக்கும் அமுக்கியே புடிக்கணும்ணே. உள்ள இருக்கிற கம்பி சூடாகணும். அதுக்குள்ள கைய எடுத்தா கேஸு தானா நின்னுடும்."

விட்டாள். நீலமாக நின்று எரிந்தது! நெருப்பைப் பார்த்தவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தத் தீபாவளி கேக்கு, பொங்கல் கேக்கு?" ஸ்டிக்கரை ஆட்டிக் காட்டினாள்.

"தலவாக்கலை பேக்கரி." எனக்கு அழுகை வந்துவிட்டது. "உன் மனசு நோகக் கூடாதுன்னுதான் தங்கச்சி..."

செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என் ரூமுன்னு படம் அனுப்புவேனே அண்ணி, ஏசி, பூப்போட்ட மெத்தையெல்லாம்? அது மேடம் மக ரூமு. நான் படுத்தது வாஷிங் மெசினுக்குப் பக்கத்துல."

அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

இப்போது என் கட்டிலில், என் கம்பளிக்குள், குறட்டை விட்டுத் தூங்குகிறாள். (சிலிண்டரிடமிருந்து பிடுங்கிப் போர்த்திவிட்டேன்.)

கேக் படம் கீழே. ஒரு பக்கம் கருகல், நடுவில் பள்ளம்.

இதை பேக்கரியில் வாங்கினேன் என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்!