சீமாட்டிக்கு எழுபத்திரண்டு அங்குலம்

சவாரிப் பள்ளியின் லாயத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்ப்பவளைக் குதிரைக்காரம்மா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பெற்ற பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்குபவள், சீமாட்டி என்ற செம்பழுப்புப் பெண் குதிரையிடம் மட்டும் மெழுகாய் உருகுவாள். குழாய்த் தண்ணீரின் மருந்து வாடை பிடிக்காமல் சீமாட்டி முகம் திருப்பியதும், வாடை போகட்டுமென்று மூன்று பீப்பாய்களில் நீர் பிடித்து வாரக்கணக்கில் திறந்தே வைத்தாள். தடுப்பூசி போட்டால் ஒரு நாள் புல்லைத் தொடாமல் கிடக்குமே என்று இரக்கப்பட்டு, இந்த வருட ஊசியையும் தள்ளிப்போட்டாள்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் சீமாட்டியின் உதடு துடித்தது. பின்னங்கால்கள் பின்னின. மத்தியானத்துக்குள் வைக்கோலில் சரிந்துவிட்டது.

கால்நடை டாக்டர் காய்ச்சலைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், கடைசியில் பீப்பாய்களை எட்டிப் பார்த்தார். உள்ளே கொசுப்புழுக்கள் நெளிந்தன!

"மூளைக்காய்ச்சல் மாதிரி இருக்கும்மா. ரத்தத்தை சோதனைக்கு அனுப்பறேன். பறவைங்ககிட்ட இருக்கற வைரஸை கொசு கொண்டாந்து குதிரைக்குக் குடுத்துடுது."

"ஐயோ, மத்த குதிரைக்கெல்லாம் ஒட்டிக்குமா டாக்டர்?"

"இவகிட்டேருந்து ஒட்டாது. கொசு கடிச்சாதான் வரும். அதுங்களுக்கு ஊசி போட்டாச்சுல்ல?"

"எல்லாத்துக்கும் போட்டாச்சு. செல்லம்னு இவளுக்கு மட்டும்தான்..."

செல்லமே எமனாக வந்ததே என்று புலம்பினாள். அழுதுகொண்டே மூன்று பீப்பாய்களையும் கவிழ்த்தாள்.

"படுத்தே கெடந்தா பிழைக்காதும்மா" என்றார் டாக்டர். "வயித்துக்கு அடியில பட்டை குடுத்து, உத்தரத்துலேருந்து தாங்கி நிறுத்துங்க. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள தானா கால் ஊனலேன்னா..."

அவ்வளவு பெரிய பட்டைக்கு எங்கே போவது? கணவருக்குப் போன் பறந்தது. அவர் தையல்காரர். கழுத்தில் அளவு டேப்போடு ஓடி வந்தார்.

"இத்தனை வருஷத்துல எனக்கு ஒருநாளாவது இவளுக்கு வார்ற மாதிரி தலை வாரி விட்டிருக்கியா?"

"உங்க தலையில வாரறதுக்கு என்னங்க இருக்கு?" அழுகையிலும் அவளுக்கு வாய் குறையவில்லை.

குதிரையின் வயிற்றைச் சுற்ற ஒரு டேப் எட்டவில்லை. பையிலிருந்து இன்னொன்றை எடுத்து இணைத்துப் பிடித்தார். "எழுபத்திரண்டு! உங்க பெரியப்பா தொப்பையே தோத்துது போ!"

தார்ப்பாயை நான்காக மடித்துத் தைத்ததில் ஐந்து ஊசிகள் உடைந்தன, விரலில் ரத்தம் கசிந்தது. வெளிச்சம் போவதற்குள் ஆறு பேர் உத்தரத்தில் மாட்டிய சங்கிலியை இழுக்க, சீமாட்டி தூளிக் குழந்தையைப் போல் தொங்கியது.

மறுநாள் முழுக்க அவள் அதன் காதருகே பேசிக்கொண்டே இருந்தாள். கெஞ்சினாள், திட்டினாள், மறுபடியும் கெஞ்சினாள். மணி நான்கு இருக்கும். திடீரென்று அலறினாள்.

"ஏங்க, ஓடி வாங்க! பட்டை தொளதொளன்னு தொங்குது! தையல் விட்டுப்போச்சு!"

கணவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் தையலா விடும்? கண்ணைத் துடைச்சுக்கிட்டு கீழ பாருடி. உன் மக சொந்தக் கால்ல நிக்கறா!"