மலையில் பின்தங்கிய கடிகாரம்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்ததால் அவளுக்கு ஊரே வைத்த பெயர் ஹலோ அக்கா. வாய் ஓயாது, கோபம் வந்தால் மட்டும் ஓயும். அப்படித் தம்பியிடம் அவள் பேசாமல் இருந்த ஒன்றரை வருஷம் உண்டு. எல்லாம் ஒரு கடிகாரத்தால் வந்த வினை.

தம்பிக்குக் கடற்கரை ஊரில் கடிகாரக் கடை. அக்காவுக்கு மலைக்கு மாற்றல் வந்தபோது, தானே பூட்டிய பெண்டுலம் கடிகாரத்தைத் தூக்கிக் கொடுத்தான். "ஒரு விநாடி தப்பாதுக்கா. தப்பிச்சுன்னா கடையையே மூடிடறேன்." வாய்க்கொழுப்பைப் பாருங்கள்! மலையில் அது நாளுக்கு இருபது விநாடி பின்தங்கியது. மூன்று நிமிஷம் முடிந்ததும் டக்கென்று வெளியூர் டிரங்க் காலைத் துண்டிக்கிறவளிடம் இது எடுபடுமா?

பஸ்ஸில் கீழே அனுப்பினாள். அவன் ஒரு வாரம் கடையில் ஓடவிட்டுப் பார்த்து, "ஒரு கோளாறும் இல்ல" என்று சீட்டு வைத்துத் திருப்பினான். மலையில் மறுபடி அதே இருபது. இரண்டாம் முறை, பெண்டுலத்தின் முதுகில் ஈயத்துண்டு ஒட்டிக் கனமாக்கி அனுப்பினான். அதற்கும் மசியவில்லை. மூன்றாம் முறை சீட்டில், "உனக்குத்தான் கண்ணு சரியில்ல" என்று எழுதிவிட்டான். அவ்வளவுதான். கடிதமும் போச்சு, பேச்சும் போச்சு. ஆனாலும் கடிகாரத்தை அவள் சுவரை விட்டு இறக்கவில்லை.

ஒரு நாள் தம்பியே உர்ரென்ற முகத்தோடு வாசலில் வந்து நின்றான். "எங்க, காட்டு." இரண்டு நாள் தன் கைக்கடிகாரத்தோடு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். முதல் நாள் இருபது விநாடி, மறுநாள் நாற்பது. "என் வேலைதான்க்கா தப்பு" என்று அவன் குரல் உடைந்தபோது, அவளுக்கு ஜெயித்த சந்தோஷம் துளியும் வரவில்லை.

பக்கத்து வீட்டு சர்வேயர்தான் முடிச்சை அவிழ்த்தார். "யார் மேலயும் தப்பில்லப்பா. பூமியோட நடுவுலேருந்து தள்ளிப் போகப் போக இழுப்பு குறையும். இங்க ஏழாயிரம் அடி ஏறியாச்சே, பெண்டுலம் மெதுவாத்தான் ஆடும்."

"ஈயம் வச்சேனே சார்?"

"கனம் கூடினா பூமி கூடுதலாத்தான் இழுக்கும். ஆனா கனமானதை அசைக்கவும் அவ்வளவு கூடுதலா இழுக்கணுமே! ரெண்டும் சரிக்குச் சரி."

தம்பி வயிறு குலுங்கச் சிரித்தான். "மலையை விட்டுட்டு உன் கண்ணைக் குத்தம் சொன்னேனேக்கா!" பெண்டுலத்தின் அடித்திருகைக் கால் சுற்று மேலே ஏற்றினான்; குண்டு துளி உயர்ந்து, ஆட்டம் வேகமானது. அன்றிலிருந்து விநாடி பிசகவில்லை. மாதம் தவறாமல் கடிதமும் வந்தது.

ஓய்வு பெற்று அவள் கீழே இறங்கியபோது தம்பி இல்லை. மூன்று மாதம் முன்பே போய்விட்டான். பாவி, அக்காவுக்கு முன்னால் போகிற வயசா அது! இப்போது கடையைப் பார்த்துக்கொள்ளும் தம்பி மகன்தான் கடிகாரத்தை மாட்டிக் கொடுத்தான். கடற்கரையில் அது நாளுக்கு இருபது விநாடி முந்தியது.

"திருகைக் கால் சுத்து இறக்கினா சரியாயிடும், அத்தை."

"கையை எடுடா!" அவள் போட்ட சத்தத்தில் அவன் மிரண்டுவிட்டான். "அது உங்கப்பா திருகி வச்சது."

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்டூலில் ஏறி, பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்துகிறாள். வாரம் முழுக்க முந்திப்போன நேரம் கழியும்வரை, இரண்டு நிமிஷம் இருபது விநாடி, அப்படியே நிற்கிறாள். அப்போது யார் கூப்பிட்டாலும் ஹலோ அக்கா பதில் சொல்வதில்லை.