காலி இலையில் உட்கார்ந்தவர்

அரிசிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். டயருக்குப் பதில் கயிறு சுற்றிய சைக்கிளில் வேலு வந்தார். காஜா பெராங் பந்தாட்டக் குழுவின் தலைவர் அவர். இறங்காமலே சொன்னார். “அக்கா, மீனாட்சி அக்கா போயிட்டாங்க. காலைலதான். காய்ச்சல் நிக்கவே இல்ல.” கொய்னா மாத்திரைக்கு ஊரெல்லாம் அலைந்தும் கிடைக்கவில்லையாம். அரிசி போனால் போகட்டும் என்று வரிசையை விட்டு வெளியே வந்தேன். எனக்கு இந்த ஊரில் பேச்சுத் துணை என்று இருந்தது அவர் ஒருவர்தான்.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு அவர் பேச்சும் தெரியும். மலாக்கா செட்டி வீட்டுப் பெண். கோயிலுக்கு நம் சாமி, வாய்க்கு மலாய். நமக்கு அவர் பேசியது புரியும், நாம் பேசியது அவருக்குப் பாதிதான் புரியும். அதற்காக அவர் பேசாமல் இருந்ததில்லை. அவர் சொன்னதை இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் சயாமுக்கு ரயில் பாதை வேலைக்குப் போனவர். சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றினார்கள். ஆளும் வரவில்லை, ஒரு சேதியும் வரவில்லை. துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் நான் அழுதுகொண்டிருந்தபோதுதான் அக்கா முதன்முதலாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “ஜாங்ஙான் நாங்கிஸ், அடெக்” என்றார். அழாதே தங்கச்சி என்று அர்த்தம். பிறகு, “வீட்ல உக்காந்து கதவையே பாத்துக்கிட்டிருந்தா கதவுக்கு என்ன தெரியும்? எங்க கம்பத்துல ரெண்டு நாள் விளையாட்டும் பாட்டும் வச்சிருக்கோம். வந்து கிழங்கு உரி” என்றார். கம்பம் என்றால் காஜா பெராங்கில் அவர்கள் குடியிருப்பு. துக்கம் விசாரிக்கிறவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். வேலை கொடுத்தவர் இவர் மட்டும்தான். போனேன்.

சனிக்கிழமை பந்தாட்டம். ஒட்டுப் போட்ட பந்து, உதைத்தால் ஒரு பக்கமாகவே ஓடியது. வேலுவின் ஆட்கள் பத்துப் பேராக இறங்கினார்கள். என் வீட்டுக்காரரும் அந்தக் குழுவில் ஆடியவர், இடது ஓரம் அவர் இடம். அதை அவருக்காகக் காலியாக விட்டிருந்தார்கள். அதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. அக்காவோ அகப்பையோடு மைதானத்துக்குள் இறங்கிவிட்டார். “யாராவது ஒருத்தன நிறுத்து! அவரு வந்தா இவன் வெலகிக்கட்டும்” என்று வேலுவைப் பார்த்துக் கத்தினார். எனக்குச் சுருக்கென்றது. என் புருஷன் இடத்தில் இன்னொருவனா? அவர்கள் ஒரு மெலிந்த பையனை நிறுத்தினார்கள். அப்படியும் தோற்றார்கள்.

மறுநாள் மத்தியானம் எல்லாருக்கும் மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்த் துவையலும். இலை போடுவது என் வேலை. ஆட்டக்காரர்கள் வரிசையின் கடைசியில் என் வீட்டுக்காரருக்கும் ஓர் இலை போட்டுப் பரிமாறினேன். மனசு அப்படிக் கேட்டது. பேசிக்கொண்டிருந்த செட்டிப் பெண்கள் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை, பிறகுதான் தெரிந்தது. பொங்கலுக்கு முன்னால் அவர்கள் வீடுகளில் இலை போட்டுச் சோறு படைத்து, யாரும் உட்காராமல் விலகி நிற்பார்கள். அது செத்துப்போனவர்களுக்கான இலை. அவர்கள் மண்ணில், அவர்கள் கண் முன்னால், நான் என் புருஷனுக்கு அப்படி ஓர் இலை போட்டுவிட்டேன்.

அக்கா ஓடிவந்தார். இலையை எடுத்துப் போட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் அந்த இலை முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தார். கிழங்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, “இலைக்கு ஆள் உக்காராம காலியா வச்சா அது போனவங்களுக்கு. உயிரோட இருக்கறவருக்கு இலை போட்டா, அவருக்காக நாமதான் சாப்பிடணும்” என்றார். அப்படி ஒரு வழக்கம் அவர்களிடம் உண்டா என்று பிறகு விசாரித்தேன். கிடையாதாம். எனக்காக அந்த நிமிஷத்தில் அவரே உண்டாக்கியது.

அன்று சாயங்காலம் ரெபானா மேளம் கொட்டி, ஆளுக்கொரு அடி எடுத்துக்கொடுத்துப் பாடினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா சமாதானம் ஒன்றும் சொல்லாமல் கழுவின சட்டிகளை என்னிடம் நீட்டிக்கொண்டே இருந்தார், நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். அதற்கப்புறம் வாரம் ஒருமுறையாவது பண்டார் ஹிலிரில் என் வீடு வரை நடந்து வந்து, “சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டுப் போவார். இனி அதைக் கேட்க ஆளில்லை.

காரியத்தன்று அக்காவின் மகள் ஓர் இலையை என் கையில் கொடுத்து, “நீங்க போடுங்க” என்றாள். போட்டேன். கிழங்கும் துவையலும் வைத்தேன். எல்லாரும் விலகி நின்றார்கள். எனக்கு மட்டும் கால் பின்னால் போகவில்லை. நான் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் அக்காவும் எங்கேயோ வெளியூர் போனவராகிவிட மாட்டாரா? மகள் மெல்ல என் கையைப் பிடித்து இழுத்தாள். அக்காவின் இலை முன்னால் யாரும் உட்காராமல் காலியாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரருக்கு ஓர் இலை போட்டேன். அக்கா எனக்கு விட்டுப்போனது இதுதான். சோறு கொஞ்சம்தான் இருந்தது, பசியும் இல்லை. இலை முன்னால் உட்கார்ந்து ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.