அந்தப் பத்துப் பன்றிகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கால்நடை ஆய்வு ஒன்றில் ரத்த மாதிரி எடுக்கும் வேலை பார்த்தேன். வ. புதுப்பட்டி போகும் வழியில் ஒரு ஊரில், ஒரு பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் வந்திருந்தது. பன்றி உடம்பில் பெருகும் கிருமியைக் கொசு மனிதருக்குக் கொண்டுவரும். மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை அதே பன்றிகளின் ரத்தத்தைப் பார்த்தால்தான் கிருமி அந்தப் பருவத்தில் வந்ததா என்று தெரியும்.

கண்மாய்க்கரையில் பன்றி வளர்க்கும் ஒரு பெண்ணிடம் இருந்த பத்துக் குட்டிகளுக்கு ரத்தம் எடுத்து, முதுகில் சிவப்புப் பெயின்டில் எண் போட்டேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு. மழை முடிந்து போனால் ஒன்றிலும் எண்ணைக் காணோம். சேற்றில் புரளும் பிராணிக்குப் பெயின்ட் அடித்த அறிவாளி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வெறுங்கையோடு திரும்பிப் போனால் மேலதிகாரியிடம் திட்டு விழும். கைக்குக் கிடைத்த பத்தைப் பிடித்து, பழைய எண்களையே எழுதிவிடலாம் என்று தொடங்கினேன். முதல் பன்றியைப் பிடித்ததுமே அந்தப் பெண் தடுத்தார்.

"இது இல்ல சார். இது பொறவு வாங்கியாந்தது. நீங்க மொதல்ல குத்துனது அந்தா நிக்கி பாருங்க, காதுல ரெண்டு வெட்டு."

வால் முறிந்தது, பின்னங்கால் வெள்ளை என்று வரிசை மாறாமல் பத்தையும் பிடித்துக் கொடுத்தார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. கிருமி இருந்தால் பன்றிகளை ஊரைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோகச் சொல்வார்கள் என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன்.

"தெரியும் சார். அதுக்காக வேற பன்னியக் காட்டவா?"

முடிவு வந்தது. முன்பு இல்லாத கிருமியின் தடம் ஆறு பன்றிகளில் இருந்தது. கண்மாய்க்கு அப்பால், வீடுகளே இல்லாத பொட்டலுக்கு அவர் பட்டியை மாற்ற வேண்டியதாயிற்று. தண்ணீருக்கு இனி அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். சொல்லப் போன என்னை ஏசுவார் என்று பயந்தேன்.

"அந்தப் பிள்ள பொழச்சிருச்சா சார்? எங்கிட்ட யாரும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்காக" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அத்தனை முறை அந்த ஊருக்குப் போயும் நான் ஒரு தடவைகூட விசாரிக்கவில்லை.

அன்றே போய்க் கேட்டேன். பிழைத்திருந்தது, வலது கை மட்டும் சரியாகத் தூக்க வரவில்லை. திரும்பி வந்து அவரிடம் சொன்னபோது, "உசுரு இருக்குல்ல, போதும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

யாருக்காக அத்தனை ரத்தம் எடுத்தேன் என்பதை, அந்த ஆய்வில் அதிகம் இழந்தவர்தான் எனக்கு நினைவுபடுத்தினார் என்பது இன்றும் உறுத்துகிறது.