பாட்டோடு போன படம்

இன்று கும்மிடிப்பூண்டி பஸ்ஸில், முன் சீட்டில் இருந்தவனின் செல்போனில் என் பேத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

பொங்கலன்று எங்கள் வாசலில் நானே எடுத்த படம். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய நான், பேத்தியின் செல்போனில் படம் எடுத்தேன் என்று தெருவெல்லாம் காட்டினேன்.

"எங்க ஊட்டுப் பொண்ணுப்பா இது. உனுக்கு எப்டி வந்துச்சு?"

"இன்னா ஆயா, பேஜார் பண்ற? பஸ் ஸ்டாண்டாண்ட கீற செல் கடையில பாட்டு ஏத்துனேன். அதோட சேர்ந்து வந்துச்சு. யாருன்னே எனக்குத் தெரியாது."

அவன் சொன்ன கடையில்தான் போன வாரம் பேத்தி எனக்காக அம்மன் பாட்டு ஏற்றச் சொல்லி தன் போனின் மெமரி கார்டைக் கொடுத்தாள். அதிலிருந்த படங்களைக் கடைக்காரன் தன் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்திருக்கிறான்.

வீட்டில் சொன்னேன். கடைக்காரனைக் கேட்க என் மகன் கிளம்பவில்லை. தன் பெண்ணைப் பார்த்து, "நாளைலேர்ந்து கம்பெனிக்குப் போவாத. போனைக் குடு" என்றான்.

"நான் இன்னாப்பா பண்ணேன்?" என்று கேட்டாள். அவன் போனை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

எங்கள் வீட்டில் முதன்முதலாக வேலைக்குப் போன பெண் அவள்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கடையில் நல்ல கூட்டம். படத்தைத் திருடியவனுக்குத் தொழில் நடக்கிறது, படத்தில் சிரித்தவளுக்கு வேலை போயிற்று.

நீங்கள் எந்தக் கடையில் பாட்டு ஏற்றினீர்கள்? யோசித்துப் பார்த்துவிட்டுப் பதில் போடுங்கள்.