யாரும் கேட்காத நிபந்தனை

லோரல் நோஸ்கே போட்ட முதல் ஆட்ட அட்டவணையில் பத்து கிளப்புகளும் பதினெட்டு வாரமும் தங்களோடு தாங்களே மோதிக்கொண்டன. தாரப்பினுக்கு எதிராகத் தாரப்பின், மிர்லாங்குக்கு எதிராக மிர்லாங். கணினி ஒரு விநாடிக்குள் அதைக் கண்டுபிடித்து, விடை கிடைத்துவிட்டது என்று அறிவித்தது.

மெல்போர்னிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் இணையத்தில் கணினி வகுப்பெடுத்த ஃபர்னாஸ் என்ற ஆராய்ச்சி மாணவி அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"தப்பே இல்லை லோரல். ஒரு டீம் தன்னோடயே ஆடக் கூடாதுன்னு நீங்க எங்க சொன்னீங்க?"

"அதைக்கூடவா சொல்லணும்?"

"எல்லாத்தையும் சொல்லணும். எப்படிப் போடணும்னு மட்டும் சொல்லாதீங்க. எது எது இருக்கலாம், எது எது கூடாதுன்னு சொல்லுங்க. தேடறது அதோட வேலை."

லோரலுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், வடமேற்கே மாலி என்ற கோதுமை வட்டாரத்தில் பிறந்த பெண்மணி. பதினேழு வயதில் தாரப்பின் தானியக் கிடங்கில் சேர்ந்தார். லாரி வந்து நின்றதும் கோதுமையில் குழாயைச் செருகி மாதிரி எடுத்து, ஈரமும் புரதமும் பார்த்து, எந்தக் குவியலுக்குப் போக வேண்டும் என்று சொல்வது வேலை. கருவி காட்டியதுதான் கணக்கு. கல்யாணத்துக்கு ஆறு நாள் முன்பு வருங்கால மாமனாரின் லாரியை விலை குறைந்த தீவனக் குவியலுக்கு அனுப்பினார். மாமனார் கல்யாணத்துக்கு வந்தார், பேசவில்லை.

ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்துக்கான வட்டார லீகின் அட்டவணை வேலை அவரிடம் வந்ததற்குத் தனிக் காரணம் எதுவும் கிடையாது. முன்பு அதைச் செய்தவர் கடற்கரைப் பக்கம் குடிபோய்விட்டார். கூட்டத்தில் யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டபோது மற்றவர்கள் எல்லோரும் கீழே குனிந்தார்கள், லோரல் குனியத் தாமதித்தார். முதல் இரண்டு வருடம் தாளில் போட்டார். ஒரு கிளப்பைத் திருப்திப்படுத்தினால் மூன்று கிளப் போனில் வந்தன. மூன்றாவது வருடம் இந்த வகுப்பில் சேர்ந்தார்.

ஒவ்வொரு கிளப்புக்கும் ஒவ்வொரு வாரமும் இரண்டு கேள்வி: எதிரணி யார், ஆட்டம் யார் மைதானத்தில்? இவ்வளவுதான் தெரியாதவை. இவற்றுக்கு இடையே என்ன உறவு என்று வரி வரியாக எழுத வேண்டும். தன்னோடு ஆடக் கூடாது. நான் உன்னோடு ஆடினால் நீ என்னோடு ஆட வேண்டும். ஒவ்வொரு ஜோடியும் இரண்டு முறை, இங்கே ஒன்று, அங்கே ஒன்று. இந்த மூன்றும் சேர்ந்ததும் திரையில் ஓர் உண்மையான அட்டவணை வந்தது. எந்தக் கிளப்புக்கும் பிடிக்காத அட்டவணை, ஆனால் உண்மையானது.

பிறகு கிளப்புகள் அனுப்பிய படிவங்களைச் சேர்த்தார். நாற்பத்திரண்டு வேண்டுகோள். கணினி அரை விநாடி எடுத்துக்கொண்டு, விடை இல்லை என்றது. தேடிக் களைத்துப்போய்ச் சொல்வதல்ல அது. இவை எல்லாம் ஒன்றாக நடக்க வழியே இல்லை என்று தீர்மானமாகச் சொல்வது.

"எத்தனை கட்டாயம், எத்தனை ஆசை?" என்றாள் ஃபர்னாஸ். "ரெண்டையும் ஒரே தட்டுல வச்சா இப்படித்தான் ஆகும்."

ஆகவே லோரல் போனை எடுத்தார். யெரிங்கா கிளப்பின் ஆள் ஒரு குறிப்பிட்ட சனிக்கிழமை தங்கள் மைதானத்தில் ஆட்டம் வைக்கவே முடியாது என்று எழுதியிருந்தார்.

"ஏன் முடியாது?"

"அன்னைக்கு டொரீன் தங்கச்சி பொண்ணுக்குக் கல்யாணம்."

"டொரீன் ஆடறதில்லையேப்பா."

"கேன்டீன்ல மீட் பை சூடு பண்றது அவதான். அவ கிரேவியை வேற யாராவது தொட்டா பெரிய சண்டையாயிடும்."

ஆசை, என்று லோரல் குறித்துக்கொண்டார். முக்கியத்துவம், பத்துக்கு இரண்டு.

மிர்லாங் வேறு மாதிரி. அது லீகிலேயே சின்ன ஊர். பள்ளிக்கூடம் மூடிவிட்டது. பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர் ஆடும் ஃபுட்டிக்கும், பெண்கள் ஆடும் நெட்பாலுக்கும் சேர்த்து ஆள் திரட்டுவதே பாடு. ஒரே பருவத்தில் இரண்டு முறை ஆளில்லாமல் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தால் கிளப்பை நீக்கிவிடலாம் என்பது லீகின் விதி. நீக்கப்பட்ட எந்தக் கிளப்பும் அந்த வட்டாரத்தில் திரும்பி வந்ததில்லை. மைதானத்தில் வடிகால் வேலை நடப்பதால் முதல் மூன்று வாரமும் மிர்லாங் வெளியூரில்தான் ஆட வேண்டும். அந்த மூன்றும் பக்கத்து ஊர்களாக இருக்க வேண்டும் என்று செயலாளர் மேக்சின் ஹெபர்லே எழுதியிருந்தார்.

"தூரம் முடியாதா, பிடிக்கலையா?" என்று லோரல் கேட்டார்.

"ஏப்ரல்ல விதைப்பு, லோரல். என் பசங்கள்ல பதினோரு பேர் டிராக்டர் மேல இருப்பாங்க. அப்பன்காரங்க அரை நாள் விடறேன்னிருக்காங்க. ஒன்றரை மணி நேரம் வண்டியோட்டிப் போய் ஆடிட்டு வர அரை நாள் பத்தாது."

"மழை பெஞ்சா?"

"பெஞ்சா இன்னும் மோசம். ஈரம் காயறதுக்குள்ள விதைக்கணும்னு ஒருத்தனையும் விட மாட்டாங்க. தூரமாப் போட்டீன்னா ரெண்டு வாரத்துல எங்க கதை முடிஞ்சுது. மிரட்டறேன்னு நினைச்சுக்காதே."

"நினைக்கல."

கட்டாயம். மிர்லாங்குக்கு நாற்பது கிலோமீட்டருக்குள் இருப்பவை மூன்றே கிளப்: தாரப்பின், கூனவில், யெரிங்கா. ஆக, முதல் மூன்று வாரத்துக்குள் இந்த மூன்று மைதானங்களிலும் மிர்லாங் ஆடியாக வேண்டும்.

இருபத்தாறு வேண்டுகோள்கள் ஆசைக்குப் போயின. பதினாறு கட்டாயத்தில் நின்றன. லோரல் மறுபடி ஓட்டினார். விடை இல்லை.

பிரதிநிதிகள் கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. கிடங்கில் அறுவடை முடிந்து ஆட்கள் குறைந்த நேரம். மதிய இடைவேளைகளில் மாதிரி எடுக்கும் மேடையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு நிபந்தனைகளைப் பாதி பாதியாக அணைத்துப் பார்த்தார். இந்தப் பாதி இல்லாவிட்டால் விடை வருகிறது, சரி, கோளாறு இதற்குள். அதில் பாதியைத் திரும்பச் சேர்த்தார். மூன்றாம் நாள் மூன்று நிபந்தனைகள் மட்டும் மிஞ்சின. எந்த ஒன்றை எடுத்தாலும் விடை வந்தது. மூன்றும் இருந்தால் வரவில்லை.

ஒன்று, மிர்லாங்குடையது. இரண்டாவது, தாரப்பின் மைதானம் இரண்டாம், மூன்றாம் வாரங்களில் கிடையாது. ஆடு மேய்க்கும் நாய்களின் பந்தயத்துக்கு அதைப் போன வருடமே வாடகைக்கு விட்டாயிற்று, மாநிலம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். அப்படியானால் மிர்லாங் தாரப்பினுக்கு வர ஒரே வழி முதல் வாரம். மூன்றாவது: முதல் வாரம் தாரப்பினும் பென்னிக்கும் மோத வேண்டும்.

மூன்றாவது யாருடைய படிவத்திலிருந்து வந்தது என்று லோரல் தேடினார். தாரப்பின் படிவத்தில் இல்லை. பென்னிக் படிவத்திலும் இல்லை. லீகின் விதிகளிலும் இல்லை. கோப்பில் நான்காவது வரியாக, ஒவ்வொரு ஜோடியும் இரண்டு முறை என்பதற்கு அடுத்து, அவரே எழுதியிருந்தார். பருவம் தாரப்பின்–பென்னிக் ஆட்டத்தோடுதான் தொடங்கும். அவருக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். வருடத்தில் மிகப் பெரிய கூட்டம் அதற்குத்தான்; டெர்பி என்றால் அந்த ஆட்டம்தான். அதை ஒரு வேண்டுகோளாக அவர் நினைத்ததே கிடையாது.

வரியை அணைத்தார். பதினொரு விநாடியில் அட்டவணை வந்தது.

அவருடைய கணவர் கிளென் தாரப்பின் கிளப்பின் தலைவர். அன்று சாப்பாட்டு மேசையில் லோரல் விஷயத்தைச் சொன்னார்.

"அப்ப நாய்ங்களுக்காக டெர்பி போகுதா?" என்றார் கிளென்.

"டெர்பி நாலாவது வாரம் இருக்கு. போகல."

"நாலாவது வாரம் நடக்கறதுக்குப் பேரு டெர்பி இல்லை. சும்மா ஒரு ஆட்டம். அந்த நிபந்தனையைப் போட்டது யாரு?"

"நான்தான்."

"நீயே போட்டு நீயே எடுக்கறியா?"

"வேற யாரும் கேக்கலையே, கிளென். உங்க படிவத்துல நீ கையெழுத்துப் போட்டிருக்கே. ஷவர்ல வெந்நீர் வேணும்னு எழுதியிருக்கே. இதை எழுதல."

"எழுதணுமா என்ன? சூரியன் கிழக்கால வரணும்னு எழுதினேனா?"

"மிர்லாங் எழுதியிருக்கு."

கிளென் உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டிருந்தார். "கமிட்டி என்ன சொல்லுதோ அப்படித்தான் நான் கை தூக்குவேன். பின்னால என்கிட்ட வராதே."

"வர மாட்டேன்."

மார்ச் முதல் ஞாயிறு, கூனவில் ஊர் மண்டபம். லோரல் அட்டவணையை விநியோகித்தார். கூடவே ஒரு பக்கத்தில் அந்த மூன்று நிபந்தனைகளையும் எழுதி, இவற்றில் ஏதாவது இரண்டுதான் நடக்கும் என்று போட்டிருந்தார். பென்னிக் பிரதிநிதி முதல் வாரத்தைப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

"ஏம்மா லோரல், இதை மெஷின் போட்டுச்சா, மிர்லாங் போட்டுச்சா?"

"மெஷின்தான். நாம சொன்னதை வச்சு."

"நாங்க இதைச் சொல்லலையே."

"டெர்பியைப் பத்தி நீங்க எதையுமே சொல்லல. அதான் விஷயம்."

யாரோ சிரித்தார்கள். நாய்ப் பந்தயத்தைத் தள்ளிவைக்க முடியாதா என்று ஒருவர் கேட்டார். நானூறு நாய்களுக்குத் தேதி சொல்லியாயிற்று என்று பதில் வந்தது. மிர்லாங்கைத் தூரத்துக்கு அனுப்பினால் என்ன என்று பென்னிக்காரர் கேட்டபோது எல்லோரும் மேக்சினைப் பார்த்தார்கள்.

"அனுப்பலாம்," என்றார் மேக்சின். "நாங்க வர மாட்டோம். வேணும்னு இல்லை. ஆளிருக்காது. மே மாசம் நீங்க இன்னொரு அட்டவணை போடலாம், ஒன்பது கிளப்புக்கு. வாரா வாரம் ஒருத்தர் சும்மா உக்காந்திருக்கணும்."

வாக்கெடுப்பில் ஆறு கை ஆதரவு, நான்கு எதிர்ப்பு. நான்கில் ஒன்று கிளென் நோஸ்கேயினுடையது. இருவரும் ஒரே காரில் வந்திருந்தார்கள், ஒரே காரில் திரும்பினார்கள்.

அடுத்த சில வாரம் தாரப்பின் கடைத்தெருவில் லோரலுக்கு வழக்கத்தைவிடக் குறைவாகவே வணக்கம் கிடைத்தது. கசாப்புக்கடைக்காரர் மட்டும், இனி கிறிஸ்துமஸ் எந்த வாரம் என்று மெஷினைக் கேட்டுச் சொல்லும்படி சொன்னார்.

முதல் சனிக்கிழமை மிர்லாங் பதினெட்டுப் பேரோடு தாரப்பினுக்கு வந்து தொண்ணூற்று மூன்று புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. இறுதி சைரன் ஒலித்ததும் ஏழு பேர் சட்டையைக்கூட மாற்றாமல் வண்டியேறினார்கள். இரண்டாவது வாரம் யெரிங்காவில் தோல்வி. மூன்றாவது வாரத்துக்கு முந்திய வியாழன் நல்ல மழை. சனிக்கிழமை கூனவிலுக்குப் பதினான்கு பேர்தான் வந்தார்கள். அதற்கு ஓர் ஆள் குறைந்தாலும் ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததாகிவிடும். பதினான்காவது ஆள் நாற்பத்தேழு வயதுப் பயிற்சியாளர், இரவல் பூட்ஸில். மிர்லாங் நூற்றிருபது புள்ளி வித்தியாசத்தில் தோற்றது.

ஞாயிறு காலை லோரல் முடிவுகளை லீகின் இணையப் பக்கத்தில் ஏற்றினார். விட்டுக்கொடுத்த ஆட்டங்கள் என்ற கட்டத்தில், மிர்லாங்குக்கு நேராகப் பூஜ்யம்.