மஞ்சள் கட்டம் மட்டும்

நாளைக்குச் சூரியன் உதிக்கவேண்டுமென்றால்கூட என் சித்தியிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டுதான் உதிக்கும். இதோ, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, ஊருக்கே குடிநீர் தரும் ஏரியில் 'மைனஸ் ஆயிரம் லிட்டர்' என்று தட்டிக்கொண்டிருக்கிறாள்.

"லூசாயிட்டியா சித்தி?"

"கோணல்மாணலா எதையாவது குடுத்துப் பாக்கணும்டி. அதுக்கும் பல்லைக் காட்டிட்டு விடை சொல்லிச்சுன்னா, அந்த ஷீட்டை நம்பவே கூடாது."

குடிநீர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. ஏரித் தண்ணீர் இன்னும் எத்தனை நாள் வரும் என்று எக்செலில் கணக்கிட்டுச் சொல்வாள். மஞ்சள் கட்டத்தில் மட்டும்தான் கையால் எண் போடலாம். மற்றதெல்லாம் சூத்திரம், தொட்டால் தொலைந்தோம். கணினியைத் திறக்குமுன் உத்தேச விடையைப் பென்சிலால் எழுதிக் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் ஒளித்துவைப்பாள். எதை மாற்றினாலும் கடைசிப் பக்கத்தில் தேதி, பெயர், காரணம் எழுதியாகவேண்டும்.

வீட்டிலும் இதே கெடுபிடி. சர்க்கரை டப்பாவில் நான் உப்பை நிரப்பிவிட்டு ஆவலோடு காத்திருந்தால், ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காபிக்குப் போவாள். பாவி.

போன வாரம் மேலதிகாரியிடமிருந்து ஒரு ஷீட் வந்தது. நூற்றுப்பத்து நாள் என்றது. சித்தியின் பென்சிலோ எண்பத்தைந்து என்றது. அரைநாள் குடைந்து கண்டுபிடித்தாள்: புதிதாகக் குழாய் போட்ட மூவாயிரம் வீடுகள் உள்ள பகுதியைக் கடைசி வரியாகச் சேர்த்திருக்கிறார்கள், கூட்டல் அதற்கு முந்தின வரியோடு நின்றுவிட்டது.

அதிகாரி தொலைபேசியில் வந்தார். "நூத்திப்பத்துன்னு மேல சொல்லியாச்சு மேடம். கையெழுத்தப் போட்டு அனுப்புங்க."

"அந்த மூவாயிரம் வீட்டுலயும் யாருக்கும் தாகமே எடுக்காதா சார்?"

"ஒரு வரிக்காகவா இவ்ளோ பிடிவாதம்? திங்கக்கிழமை உங்க சீட்டுல வேற ஆள் உக்காந்திருப்பாங்க."

"உக்காரட்டும். கூட்டத் தெரிஞ்ச ஆளாப் பாத்துப் போடுங்க."

வைத்துவிட்டாள். ஷீட்டைத் திருத்தினாள்.

பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டிய எனக்கு ஒன்றுதான் புரிந்தது: நூற்றுப்பத்து வந்தால் சித்தியின் வேலை தப்பும். அவள் குளிக்கப் போனதும், உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். விடைக் கட்டத்தில் சூத்திரத்தை அழித்து 110 என்று தட்டினேன். திரும்பிவந்து, வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளையாக உட்கார்ந்துகொண்டேன்.

ஈரத்தலையில் துண்டோடு வந்தவள் திரையைப் பார்த்தாள். விடைக்குக் கீழே ஒரு சோதனைக் கட்டம் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

"நான் இல்ல சித்தி."

விசைகளுக்கு நடுவே கிடந்த வெங்காயச் சருகை எடுத்து என் முன்னால் வைத்தாள். சூத்திரத்தை மீட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். தேதி போட்டாள். என் பெயரைப் போட்டாள். பிறகு கணினியை என் பக்கம் திருப்பி, 'காரணம்' என்ற காலிக் கட்டத்தின்மேல் விரலை வைத்தாள், எடுக்கவேயில்லை.